ஆறு சென்டிமீட்டர் கிணறு

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு 'என் பணிக்காலச் சாதனை' என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சாதனை என்று பார்த்தால் எனக்கு ஒரு போஸ்ட்கார்டே ஜாஸ்தி. பிழை என்றால் நாலு பக்கம் தாராளமாக வரும். அதிலும் ஒரு பிழையைச் சொல்லச் சொல்லித்தான், கூட வேலை பார்த்தவர்கள் கல்யாண வீடுகளில் பந்திக்குக்கூடப் போகவிடாமல் என்னைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அதையே எழுதிவிடுகிறேன். மலர்க் குழுவினர் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளவும்.

எனக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். வீட்டில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தது எண்பதுகளின் பிற்பாதியில். "டைப்ரைட்டர் மாதிரிதாம்மா, பேப்பர் மட்டும் இருக்காது" என்று சொல்லிச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் சி மொழியை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. யாரோ நகலெடுத்து வைத்திருந்த புத்தகம் பீரோவில் கிடந்தது. நடுவில் பதினாறு பக்கம் இல்லை. இல்லாத பக்கங்களில் இருந்தது பாயிண்டர் பாடம் என்பது, பாயிண்டரை வைத்து மிஷினை நாலு தடவை உறைய வைத்த பிறகுதான் தெரிந்தது.

அலுவலகம் இருந்தது, முன்பு லாட்ஜாக இருந்த கட்டடத்தின் மாடியில். ஏ.சி. இருந்த ஒரே அறை ஏழாம் நம்பர் என்பதால் கம்ப்யூட்டர் அங்கே குடியேறியது. கதவில் இருந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. தீபத்துக்கு வந்த ஒரு சேலத்துக் குடும்பம் பெட்டி படுக்கையோடு நேரே உள்ளே வந்து ஏ.சி. ரூம் காலியா என்று கேட்டது. எங்கள் உதவியாளர் எத்திராஜ் அசராமல் சொன்னார்: "இவரு காலி பண்ண மாட்டாருங்க. ஏ.சி. இல்லாம தூங்க மாட்டாரு. வேற லாட்ஜ் பாருங்க."

வேலை இதுதான். கிராமங்களில் குடிநீர்க் கிணறுகளை அளந்து, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்று எழுதி வருவார்கள். அது வேலூரில் இருந்த பெரிய மிஷினில் ஏறி, பிளாப்பி என்ற சதுரத் தகட்டில் எங்களிடம் வரும். எங்கள் சின்ன மிஷினில் அதை வரிசைப்படுத்தி, தண்ணீர் மிக ஆழத்தில் இருக்கும் பதினோரு ஊர்களுக்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியை அனுப்பப் பட்டியல் போட வேண்டும். பிளாப்பியைக் கொண்டுவருவது எத்திராஜ். "கைக்கொழந்த மாதிரி மடியில வெச்சு எடுத்தாந்தேன் மேடம். போளூர்ல ஒருத்தர் விசிறிக்கக் கேட்டாரு, குடுக்கல" என்பார்.

முதல் பிளாப்பியைப் போட்டு அச்சடித்தோம். ஓர் ஊரில் தண்ணீர் மைனஸ் இருபதாயிரத்து நானூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர். மைனஸ் என்றால் தரைக்கு மேலே. இருநூறு மீட்டருக்கு மேல். நம் ராஜகோபுரத்தை மூன்று முறை அடுக்கினால்கூட எட்டாத உயரத்தில் அந்த ஊரில் தண்ணீர் நின்றது.

"போர் வண்டி எதுக்கு, ஏணி அனுப்புங்க சார்" என்றார் எத்திராஜ்.

சார் என்றால் வேதாசலம் சார், எங்கள் பிரிவின் தலைவர். காதில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். அவர் யாரையும் 'தப்பு செஞ்சிட்டீங்க' என்று சொன்னதில்லை. "உட்காருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், செய்த தப்பை நாமே தேட ஆரம்பித்துவிடுவோம். எதைச் சொன்னாலும் முதலில் "எத்தனை பைட்?" என்று கேட்பார். எத்திராஜ் மூன்று நாள் லீவு கேட்டபோதும் கேட்டார். "ஒண்ணுலயே அடங்கிடும் சார், ரெண்டாவதுக்கு வேலை வைக்க மாட்டேன்" என்று எத்திராஜ் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பைட் என்பது மிஷினுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி. ஓர் எழுத்துக்கு ஒரு பெட்டி போதும். சின்ன எண்ணுக்கு இரண்டு, பெரிய எண்ணுக்கு நாலு. வேலூர் மிஷின் எண்ணின் பெரிய பகுதியை முதல் பெட்டியில் வைக்கும். எங்கள் மிஷின் சின்னப் பகுதியை முதலில் வைக்கும். இரண்டுமே சரிதான். ஒன்று எழுதியதை மற்றது படிக்கும்போதுதான் தண்ணீர் கோபுரம் ஏறுகிறது.

நான் வீராப்பாக ஒரு புரோகிராம் எழுதினேன். பைலில் வரிசையாக இரண்டிரண்டு பெட்டியாக எடுத்து இடம் மாற்றி வைத்தேன். ஆழமெல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஊர்ப் பெயர்களும் சேர்ந்து புரண்டன. இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்த கொளத்தூர், 'ஓகால்ட்ரு' என்பது போல ஏதோ ஆகி நின்றது. எத்திராஜ் எட்டிப் பார்த்து, "ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க ஊருங்களா மேடம்?" என்றார்.

"உட்காருங்க" என்றார் சார்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சார் எங்கள் மூவர் கேரியரையும் பிரித்து, அடுக்குகளை மேசையில் ஒரே வரிசையாக வைத்தார். முதலில் எத்திராஜின் ஒற்றை டப்பா, அதில் கேழ்வரகுக் களி. அடுத்து என் இரண்டடுக்கு, சோறும் கத்திரிக்காயும். கடைசியில் சாரின் நாலடுக்கு.

"நீங்க செஞ்சது இதுதான் கோமதி" என்று பக்கத்துப் பக்கத்து அடுக்குகளை இடம் மாற்றினார். எத்திராஜின் இடத்துக்கு என் சோறு போனது. என் இடத்துக்கு எத்திராஜின் களியும் சாரின் சோறும் வந்தன. சாருக்கு என் கத்திரிக்காய்.

"இப்படியே வுட்டுடுங்க சார், எனக்கொண்ணும் நஷ்டமில்ல" என்றார் எத்திராஜ்.

"இது யாருது, எத்தனை அடுக்குனு முதல்ல பிரிங்க. அப்புறம் அந்தந்த கேரியருக்குள்ள மட்டும் தலைகீழா திருப்புங்க. எத்திராஜுது ஒத்த டப்பா, திருப்புனாலும் அதேதான், அவரை வுட்டுடுங்க." இப்படிச் சொல்லிவிட்டு சார் சாப்பிட ஆரம்பித்தார். கத்திரிக்காயைத் திருப்பித் தரவில்லை.

எந்த இடம், எத்தனை பைட் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு அதற்குள் மட்டும் திருப்புகிற மாதிரி மாற்றி எழுதினேன். 'எத்தனை' என்பதை மிஷினே சொல்லும்படி சைஸ்ஆஃப் போட்டேன். ஊர் நம்பர்கள் எல்லாம் பூஜ்யமாக வந்தன. மறுபடி உட்கார்ந்தேன். 'இன்ட்' என்று எழுதினால் எங்கள் மிஷினில் இரண்டு பெட்டி, வேலூரில் நாலு. "நம்ம மிஷினைக் கேட்டா நம்ம வீட்டு அளவைத்தான் சொல்லும். வேலூர் அளவை வேலூரைத்தான் கேக்கணும்" என்று சார் டிரங்க் கால் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை பைட் என்று கேட்டு, கிராஃப் தாளில் ஒற்றைப் பெட்டிக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு என்று கட்டம் கட்டித் தந்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் பட்டியல் ஒழுங்காக வந்தது. போதாததற்கு நான் ஒரு வேலியும் போட்டு வைத்தேன். ஆழம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ ஆறாயிரத்துக்கு மேலே போனாலோ மிஷின் மணியடித்து நிற்கும். தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மேட்டுக்கொல்லையிலிருந்து பச்சையம்மாள் வந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள்.

"இன்னாம்மா, கெணத்துத் தண்ணி கணக்கெடுக்குற ஆபீஸு இதானா?"

"ஆமாங்க. மனு எழுதிட்டு வந்தீங்களா?"

"மனு எழுதத் தெரியாது. கயிறு எடுத்தாந்திருக்கேன்."

சுருளைக் கீழே போட்டாள். "இந்த முடிச்சு தரை. அந்த முனை தண்ணி. நடுவுல இருக்கறதெல்லாம் எங்க ஊரு பொம்பளைங்க கை."

அவள் சொன்னது இதுதான். அந்த ஊரில் குடிக்க ஒரே கிணறு. கார்த்திகை மழையில் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். "மழையில அளந்தா எங்க ஊரும் காவேரிதான்" என்றாள். வேலூர்க் கணக்கில் ஐந்து மீட்டர் நாற்பது சென்டி என்று ஏறிவிட்டது. இப்போது குடத்தில் பாதி சேறு வருகிறது. இன்னும் பத்து நாளில் அதுவும் நின்றுவிடும். அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பம்ப் செட்தான். அவர் மனசு வந்தால் தண்ணீர் விடுவார், வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை போடுவதுதான் கோடையின் கடைசிப் பட்டியல்; அதில் ஊர் பெயர் வராவிட்டால் போர் வண்டி மறுபடி வருவது மழைக்குப் பிறகு.

கயிற்றை அளந்தே விடுவோம் என்று தாழ்வாரத்தில் விரித்தோம். ஒன்றாம் நம்பர் அறையில் தொடங்கி ஏழைத் தாண்டி மாடிப்படி இறங்கியது. படியில் நின்று எத்திராஜ் குரல் கொடுத்தார்: "மேடம், நான் ரோட்டுக்கு வந்துடுவேன் போல, தண்ணி இன்னும் வரல." மர ஸ்கேலை வைத்து அளந்தேன். பதினைந்து மீட்டர் முப்பத்தாறு சென்டி. அதாவது ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அந்த ஆழத்துக்கு முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டிய ஊர்.

முறைப்படி என்றால், ஒரு அதிகாரி நேரில் போய் அளந்து, சிவப்புச் சீட்டு மூன்று பிரதி எழுதி வேலூருக்கு அனுப்பி, அவர்கள் அடுத்த மாதப் பிளாப்பியில் திருத்தி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை பட்டியல். சார் வியாழன் வரை வேலூரில் மீட்டிங். பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் சிவப்புச் சீட்டை எடுக்க முடியவில்லை. "போங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை, வேலூரிலிருந்து வந்த பிளாப்பியில் நேரடியாகத் திருத்த ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தேடும், ஆழத்தை மாற்றி எழுதும். பெயர்கள் ஒற்றைப் பெட்டி எழுத்துகள் ஆயிற்றே, எந்த மிஷினிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேட்டுக்கொல்லை பளிச்சென்று கிடைத்தது. 1536 என்று எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன், 1536 என்றே காட்டியது. வெள்ளிக்கிழமை என் பெரிய புரோகிராம் வழக்கம்போல் ஓடியது, மணி அடிக்கவில்லை. சார் முதல் பதினோரு ஊர்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் அன்றைக்கு மாலையே கோயிலுக்குப் போய்விட்டேன், பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது. பதினோரு மணிக்குப் பச்சையம்மாள் வந்துவிட்டாள். எத்திராஜ் அவளுக்காகப் படித்தார். முதல் பதினொன்றில் இல்லை. முழுப் பட்டியலையும் எடுத்து வந்து நாலு பக்கம் படித்தார். நூற்று நாற்பது ஊர்களில் கடைசி வரியில் மேட்டுக்கொல்லை.

"ஆறு" என்றார் எத்திராஜ், குரல் இறங்கி.

"ஆறு இன்னா? மீட்டரா?"

"சென்டி."

பச்சையம்மாள் விரலை விரித்து ஆறு சென்டி எவ்வளவு என்று அவரிடமே காட்டச் சொன்னாள். காட்டினார். அவள் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஏம்மா, எங்க ஊர்ல பல்லு விளக்கக் குனிஞ்சா தண்ணி வாயில பூந்துடும்னு எழுதி வெச்சிருக்கறியே. கயிறு எடுத்தாந்தது தப்பா? சும்மா வீட்டுல இருந்திருந்தா அஞ்சு மீட்டராவது இருந்திருக்கும்."

நேரே சாரிடம் போய்ப் பட்டியலை நீட்டினேன்.

"உட்காருங்க."

சார் பீரோவிலிருந்து இரண்டு பிளாப்பியை எடுத்தார். எந்தப் பிளாப்பி வேலூரிலிருந்து வந்தாலும், கை வைக்கும் முன் ஒரு நகல் எடுத்துப் பூட்டி வைப்பது அவர் பழக்கம்; இந்தத் தடவை நகலை வேலூரிலேயே எடுத்து வந்திருந்தார். நகலிலிருந்து மேட்டுக்கொல்லையின் ஆழம் இருக்கும் இரண்டு பெட்டிகளை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

"ரெண்டு, இருபத்தெட்டு" என்றேன்.

அவர் சிவப்பால் எழுதினார். "வேலூர் வழக்கப்படி முதல் பெட்டிக்கு இருநூத்தி அம்பத்தாறு மடங்கு. ஐந்நூத்தி பன்னெண்டு, கூட இருபத்தெட்டு. ஐந்நூத்தி நாப்பது. பழைய அளவு. சரி. நம்ம புரோகிராம் ஒழுங்கா திருப்பியிருந்தா இதேதான் வந்திருக்கணும். திருப்பாம வுட்டிருந்தா?"

"ஏழாயிரத்து நூத்தி எழுபது."

"அது உங்க வேலிக்கு வெளிய. மணி அடிச்சிருக்கும். அப்ப இந்த ஆறு எங்கிருந்து வந்துது? இதுக்கும் ஐந்நூத்தி நாப்பதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரிஜினலைப் படிங்க."

நான் திருத்திய பிளாப்பியைப் படித்தேன். "பூஜ்யம், ஆறு."

சார் அதை நீலத்தால் எழுதினார். வேலூர்க் கண்ணால் பார்த்தால் ஆறு. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, எங்கள் மிஷின் கண்ணால் வலமிருந்து பார்த்தார். "ஆறு இருநூத்தி அம்பத்தாறு. ஆயிரத்து ஐந்நூத்தி முப்பத்தாறு." நிமிர்ந்தார். "இந்த ஆயிரத்து ஐந்நூத்தி முப்பத்தாறு யாருது கோமதி?"

சொல்லிவிட்டேன். கயிறு, தாழ்வாரம், குட்டி புரோகிராம், எல்லாவற்றையும். வேலூர் வரிசையில் இருந்த பைலுக்குள் எங்கள் வரிசையில் ஒரு எண்ணைச் செருகியிருக்கிறேன். மறுநாள் என் பெரிய புரோகிராம் கடமை தவறாமல் அதையும் திருப்பிப் போட்டுவிட்டது. கயிறு ஒரே ஒரு சென்டி குட்டையாக இருந்திருந்தால், ஐந்தும் இருநூற்று ஐம்பத்தைந்தும் என்று இருக்கும் பெட்டிகள் இடம் மாறி, திருப்பியதும் எண் வேலிக்கு வெளியே விழுந்து மணி அடித்திருக்கும்.

சார் பென்சிலின் இரண்டு முனையையும் சீவினார். பிறகு சொன்னார்: "நூத்தி நாப்பது ஊர்ல, யாருமே கண்டுக்காத ஊர் கணக்கெல்லாம் சரியா இருக்குது. நீங்க பாசம் வெச்ச ஒரு ஊர்தான் கவுந்துருக்குது."

நான் அழுதேனா என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். அழுதேன். எத்திராஜ் டீ வாங்கி வந்து, "குடிங்க மேடம். பட்டியல்தானே, இன்னும் ரோட்டுல எறங்கல" என்றார்.

உண்மைதான். வண்டி கிளம்புவது திங்கள் காலை ஆறு மணிக்கு. அதிகாரி நேரில் அளந்தால் வண்டி கிளம்பும் வரை பட்டியலைத் திருத்தலாம் என்று விதியில் ஓர் இடம் இருந்தது. ஞாயிறு முதல் பஸ்ஸில் சாரும் நானும் மேட்டுக்கொல்லைக்குப் போனோம். பச்சையம்மாள் முன்னால் நடந்தாள், வழி சொன்னதெல்லாம் சாருக்குத்தான். கிணற்றடியில் இருபது பெண்கள். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குண்டு கட்டிய டேப்பை மெல்ல இறக்கினார். அடியில் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தமில்லை, சேற்றில் விழுந்த சத்தம். பதினைந்து மீட்டர் எண்பத்து நாலு.

"இந்தப் பொண்ணு கயித்த அளந்ததுக்கும் கீழயே போயிடுச்சே" என்றாள் ஒருத்தி.

"அது கயிறு வந்த அன்னிக்கு. இது இன்னிக்கு" என்றார் சார்.

பட்டியலைத் திருத்த மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும். 'பட்டியல் தயாரித்ததில் பிழை, பொறுப்பு என்னுடையது' என்று சார் தம் பெயரைப் போட்டு எழுதினார். நான் தடுத்தேன்.

"பிழை நீங்க, பொறுப்பு நான். ரெண்டுக்கும் வேற வேற சம்பளம்" என்றார்.

மேட்டுக்கொல்லை இரண்டாவது ஊர் ஆனது. அதனால் பதினோராவதாக இருந்த ஊர் பன்னிரண்டாவது ஆகி, மழைக்குப் பின் வரும் வண்டிக்குக் காத்திருந்தது. அதை அவர்களுக்குச் சொல்லப் போனதும் நான்தான். அந்தப் பயணத்தைக் கல்யாண வீடுகளில் நான் சொல்வதில்லை.

அடுத்த வாரம் சார் சொன்னபடி ஒவ்வொரு பைலின் தலையிலும் ஓர் எழுத்து போட்டேன். வேலூர் வரிசை என்றால் வி, எங்கள் திருவண்ணாமலை வரிசை என்றால் டி. ஒற்றைப் பெட்டி எழுத்து என்பதால் எந்த மிஷினும் அதைப் புரட்ட முடியாது. அந்த எழுத்தைப் பார்க்காமல் என் எந்தப் புரோகிராமும் பைலைத் தொடாது. ரிடையர் ஆகும் வரை அப்படித்தான்.

போர் வண்டி மேட்டுக்கொல்லைக்குப் போன நாள் சாரும் நானும் போனோம். காலையிலிருந்து புழுதி பறந்தது. நூற்றுத் தொண்ணூறு அடி தாண்டிப் புழுதி ஈரமானது, பிறகு சேறு, பிறகு தண்ணீர். பெண்கள் குடத்தை மறந்து நனைந்துகொண்டு நின்றார்கள். வண்டிக்காரர் பதிவேட்டை நீட்டி, ஆழமும் நீர்மட்டமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன்.

பச்சையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் கையைப் பிடித்தாள், பேனாவோடு சேர்த்து.

"யம்மா, உனுக்கு எங்க ஊரு மேல ரொம்பப் பாசம். எனக்குத் தெரியும். அதனால இத நீ எழுதாத. ஐயா எழுதட்டும்."

பேனாவைச் சாரிடம் கொடுத்துவிட்டேன்.